இரும்பும் இளங்குழந்தையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் வாசுதேவநல்லூர். நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் விளையும் நிலப்பகுதி அது. மண்ணில் உள்ள சத்தைக்கொண்டு பயிர் சில காலம் வளரும். அது குறைந்தபின் உரம் இடாவிடின் பயிர் வெளிறிப்போகும். இதனை அவ்வூர் உழவர் நன்கறிவர். இளங்குழந்தையின் வளர்ச்சியும் இத்தகையதே. அதற்குக் காலமறிந்து ஊட்டவேண்டிய சத்துகளுள் ஒன்று இரும்பு.

குருதிக்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் பொருள். மூச்சுக்காற்றில் உள்ள ஆக்சிஜனை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. அதனை ஆக்குவதற்கு இரும்பு இன்றியமையாதது. மூளை வளர்ச்சிக்கும் இரும்பு வேண்டும்.

தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தை இரும்பைச் சேமித்துக்கொள்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் உடலில் ஏறத்தாழக் கால் கிராம் இரும்பு இருக்கும். பிறந்தவுடன் தொப்புள்கொடியை அறுக்காமல், ஒரு நிமிடமேனும் பொறுத்து அறுத்தால், அக்குருதி வழியே மேலும் சிறிது இரும்பு வந்து சேரும். இச்சேமிப்பே முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தையைக் காக்கிறது. குறைமாதத்திலும் குறைந்த எடையுடனும் பிறந்த குழந்தைகளுக்கு இச்சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும். ஆதலின் அவர்களுக்கு மருத்துவர் முன்னதாகவே இரும்பு மருந்து தருவர்.

தாய்ப்பாலுக்கு ஈடான உணவு வேறில்லை. முதல் ஆறு மாதங்களுக்கு அதுவே போதும், நீரும் வேண்டுவதில்லை. தாய்ப்பாலில் உள்ள இரும்பில் ஏறத்தாழப் பாதியைக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. எனினும் ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. தாய் எவ்வளவு நல்லுணவு உண்டாலும் அவ்வளவு பெரிதும் மாறுவதில்லை. குழந்தையோ ஓராண்டில் பிறந்த எடையைப்போல் மும்மடங்கு ஆகிறது. ஆகவே ஏழாம் மாதம் தொடங்கி, தாய்ப்பாலை நிறுத்தாமலே, இரும்புச் சத்துள்ள இணை உணவையும் ஊட்டுதல் வேண்டும்.

இதனை உணராத இல்லங்களில் குழந்தை வெளிறும், சோர்ந்து கிடக்கும், உணவில் நாட்டம் கொள்ளாது. இவ்வயதில் மூளைக்கு நேரும் இழப்பு, பின்னர் இரும்பு ஊட்டினாலும் முற்றும் நீங்காமற் போதல் உண்டு. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஒன்று இரும்புக் குறை.

இக்குறையைப் போக்க அறிஞர் கண்ட வழிகளுள் ஒன்று உணவைச் செறிவூட்டுதல். அஃதாவது, நாள்தோறும் உண்ணும் உணவிலேயே அளவறிந்து இரும்பு முதலிய சத்துகளைச் சேர்த்தல். கனடா நாட்டின் டொராண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவர்கள், 1930ஆம் ஆண்டையொட்டி, தானியமாவுடன் தாதுக்களும் வைட்டமின்களும் செறிந்த பொருள்களைக் கலந்து ‘பாப்லம்’ என்னும் குழந்தை உணவை ஆக்கினர். நம் நாட்டில் 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் வழியே தமிழ்நாட்டின் அங்கன்வாடி மையங்களில் வழங்கப்படும் சத்துமாவில், கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, வெல்லம் முதலியவற்றுடன் வைட்டமின்களும் தாதுக்களும் சேர்க்கப்படுகின்றன. 2018இல் தொடங்கிய ‘இரத்தசோகையற்ற பாரதம்’ திட்டம், இவ்வயதுக் குழந்தைகளுக்கு வாரம் இருமுறை இரும்புச் சத்து மருந்து தர வகைசெய்தது. மருந்தினை அளவோடு கொடுத்தல் வேண்டும், மிகுந்தால் தீங்காகும். ஆதலின் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் அதனை வைத்தல் இன்றியமையாதது.

இல்லத்து உணவும் துணை செய்யும். பருப்பு, கீரை, நன்கு வேகவைத்து மசித்த மீன், ஈரல் ஆகியவற்றில் இரும்பு உண்டு. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. வைட்டமின் ‘சி’ உடன் சேர்ந்தால் நன்கு ஏற்கும். வாசுதேவநல்லூர் வட்டாரத்து எலுமிச்சையில் அச்சத்து நிரம்ப உண்டு. கீரை மசியலில் சில துளிச் சாறு பிழிந்தால் போதும். தேநீரோ இரும்பை உடலிற் சேரவொட்டாமல் தடுக்கும். அதனைக் குழந்தைக்கு ஊட்டலாகாது. ஓராண்டு நிரம்புமுன் தாய்ப்பாலுக்கு மாற்றாகப் பசும்பால் தருவதும் நன்றன்று. அதில் இரும்பு மிகக் குறைவு.

தாய் வயலுக்குச் சென்றபின் குழந்தையைப் பேணும் பொறுப்புப் பாட்டியிடமும், அக்காள் அண்ணன்மாரிடமும் வந்து சேர்கிறது. சத்துமாவைக் கூழாகக் காய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்து, பொறுமையுடன் ஊட்டும் தமக்கையும் தமையனும் அக்குழந்தையின் அறிவுக்கும் ஆற்றலுக்கும் அடிப்படை இடுகின்றனர். பயிருக்குக் காலத்தில் இடும் உரமே பயன் தரும், குழந்தைக்கும் அவ்வாறே.