பாண்டிக்குப் போகும் முன் ஓமந்தூரில் ரெண்டு நாள்

தங்கச்சி, லீவுக்குப் பிள்ளைகளையும் உன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாய். "ரெண்டு நாள் உங்க வீட்டுல, அப்புறம் பாண்டி" என்றாய். அந்த ரெண்டு நாளையும் டி.வி. முன்னால் உட்கார்ந்து கழித்துவிடாதே. பாண்டிக்குப் போகிற ஆயிரம் கார் நம்ம ஊர் வழியாகத்தான் போகிறது, ஒன்றாவது நின்று பார்க்கிறதா என்று எனக்கு எப்போதுமே மனத்தாங்கல். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் பஸ். சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று திண்டிவனம் வழி, இன்னொன்று ஈ.சி.ஆர். போர்டில் ‘புதுச்சேரி’ என்று மட்டும் பார்த்து ஏறிவிடாதே. நம்ம சித்தி மகள் அப்படித்தான் கைக்குழந்தையோடு ஏறி, மரக்காணத்தில் இறங்கி, வெயிலில் வேறு பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். திண்டிவனம் பஸ்ஸாகவே இருந்தாலும் சிலது ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடும். ஏறும்போதே கண்டக்டரிடம் "பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா, ஓமந்தூர்ல நிக்குமா" என்று ரெண்டையும் கேட்டுவிடு. பெரியவர்களோடு வருவதால் விழுப்புரம் லைன் ரயிலில் திண்டிவனத்தில் இறங்குவது இன்னும் நல்லது.

இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் பாறை, பொட்டல், உப்பளம். நிழல் குறைவு. ஆறு மணிக்குக் கிளம்பு, பத்தரைக்கு நிழலுக்கு வந்துவிடு, மறுபடி நாலு மணிக்கு மேல் வெளியே போ. நடுவில் சாப்பாடும் தூக்கமும். கோயில்களும் எப்படியும் மதியம் நடை சாத்திவிடும்.

முதல் நாள் செஞ்சிக் கோட்டை. திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால் செஞ்சி. ஊரைத் தாண்டி அதே ரோட்டில் கொஞ்ச தூரத்தில் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, மூன்றையும் சேர்த்து வளைத்துக் கட்டிய மதில். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை இது. 2025-ல் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை நம்ம செஞ்சிதான். தேசிங்கு ராஜா கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறாயே, அந்த ஊர்.

ராஜகிரி ஏறுவது உன் வீட்டுக்காரருக்கும் பெரியவனுக்கும் மட்டும். படி செங்குத்து, உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை பிளந்து கிடக்கும், பாலம் வழியாகத்தான் தாண்ட வேண்டும். காலையிலேயே ஏறத் தொடங்கிவிடட்டும். பிளாஸ்டிக் கவரைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் பைக்குள் இருக்கட்டும். முட்டிவலிக்கார அத்தையை மலை பக்கமே விடாதே. அடிவாரத்தில் கல்யாண மஹாலும் நெற்களஞ்சியமும் யானைக் குளமும் இருக்கின்றன. சமதரையில் நடந்தே பார்க்கலாம். வேங்கடரமணர் கோயிலைக் காட்டும்போது பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வை: பாண்டி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை. அங்கே போனதும் அவர்களே கண்டுபிடித்துக் காட்டுவார்கள்.

இரண்டாம் நாள் திருவக்கரை. எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்த இடம் இது. சங்கராபரணி ஆற்றங்கரையில் சந்திரமௌலீசுவரர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். வெளியூர்க்காரர்கள் வக்கிரகாளி கோயில் என்றுதான் சொல்வார்கள். பௌர்ணமியன்று மட்டும் போகாதே, நிற்க இடமிருக்காது. கும்பிட்டுவிட்டு நேராகப் பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவுக்குப் போ. செம்மண்ணில் பெரிய பெரிய அடிமரங்கள் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். கிட்டே போய்க் குனிந்து பார். கணு தெரியும், பட்டையின் வெடிப்பு தெரியும், வெட்டுமுகத்தில் வளையம் தெரியும். கையை வைத்தால் கல், சில்லென்று. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்ததால்தான் கிளை, வேர், இலை எதுவும் ஒட்டியில்லை. மரம் மக்கிய இடத்தில் துளித் துளியாக சிலிக்கா ஏறி, மரத்தின் வடிவத்திலேயே கல்லாகிவிட்டது. 1781-லேயே சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பற்றி எழுதினார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிறது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லிக் கூட்டிப் போ. சின்னத் துண்டு என்றாலும் எடுக்கக் கூடாது. நான் முதல் தடவை போனபோது என் மகன் விரல் நீளத் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுவிட்டான். கேட்டைத் தாண்டிய பிறகுதான் பார்த்தேன். திரும்பி நடந்து, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். அழுதான். ஆனாலும் அவன்தான் இப்போது யார் வந்தாலும் காவல்காரன் மாதிரி கூடவே நடக்கிறான்.

சாயங்காலம் மயிலம். சின்னக் குன்று, முருகன் கோயில், மேலே வரை வண்டி போகும், அத்தைக்குச் சிரமமில்லை. கிருத்திகையும் முகூர்த்த நாளும் தவிர்த்துவிடு, கல்யாணக் கூட்டம் தாங்காது.

கார்த்திகை முதல் மாசிக்குள் வந்தால் கழுவேலியை விட்டுவிடாதே. கடலோர ஏரி அது, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பூநாரை வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு பைனாகுலர் எடுத்து வா, விடியற்காலையில் போ, சிவப்புச் சட்டை வேண்டாம். கோடையில் வந்தால் மரக்காணம் உப்பளம். விடிகிற நேரத்தில்தான் உப்பு வாருவார்கள். வரப்பில் நடக்கும்முன் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், பாத்தியில் கால் பட்டால் அவர்களுடைய உழைப்பு வீணாகும்.

நம்ம ஊரிலேயே ஓமந்தூரார் மணிமண்டபம் இருக்கிறது. சென்னையில் ஓமந்தூரார் ஆஸ்பத்திரியைப் பார்த்திருக்கிற பிள்ளைகளுக்கு, அந்தப் பெயர் இந்தக் கிராமத்துப் பெயர் என்று தெரியாது. 1895-ல் இங்கே பிறந்த ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற சட்டமும், தேவதாசி முறையை ஒழித்த சட்டமும் 1947-ல் அவர் காலத்தில்தான் வந்தன. மயிலத்துக்குப் போகும் முன்பே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடு. அரை மணி நேரம் போதும்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. கோடையில் ரோட்டோரமெல்லாம் தர்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு. வெட்டி வைத்த பழத்தை வாங்காதே, கண்ணெதிரே வெட்டச் சொல். வேர்க்கடலை என்று கேட்டால் இங்கே சிரிப்பார்கள், மல்லாட்டை என்று கேள். மண்ணோடு பிடுங்கி வந்ததை நான் உப்புப் போட்டு அவித்து வைக்கிறேன், செஞ்சி போகும் அன்றைக்குத் தூக்கில் எடுத்துப் போங்கள்.

வரும்போது ஒரு காலிப் பையும் கொண்டு வா. திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். மாசி, பங்குனியில் வந்தால் புதுப்புளி கிடைக்கும். கொட்டை எடுத்து, ரெண்டு வெயில் காயவைத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அடைத்துத் தருகிறேன். உனக்கு ஒரு வருஷத்துக்கு வரும்.