துவையல் தவசு கற்றுத்தரும் எளிமை



திருஏடு வாசிப்பில் துவையல் தவசு வரும் பகுதியை அன்பர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு, "அது அந்தக் காலத்துத் தவம், குடும்பஸ்தனுக்கு எப்படி முடியும்?" என்று எண்ணி வீடு திரும்புவதும் உண்டு. ஆனால் அந்தத் தவசை இருந்தவர்கள் அத்தனை பேரும் குடும்பஸ்தர்களே. ஆகவே இந்தப் பாடம் வீட்டில் வாழ்கிறவர்களுக்கு உரியது.

வாகைப்பதியில் நடந்தது

அய்யா வைகுண்டர் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து விடுதலையாகிச் சாமித்தோப்பு திரும்பினார். அதன்பின் 700 குடும்பத்தாரைக் கடற்கரையில் உள்ள வாகைப்பதிக்கு அனுப்பித் துவையல் தவசு இருக்கச் செய்தார். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகவே சென்றார்கள்.

அங்கே அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஒழுங்கு மிகச் சிலவே. மூன்று வேளை கடலில் குளிக்க வேண்டும். உடுத்த துணியைத் துவைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வேளை அய்யாவை வணங்க வேண்டும். பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த உணவை ஒரு வேளை மட்டும் உண்ண வேண்டும். மற்ற ஆசைகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு இந்த நான்கை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். தவசு முடிந்தபின் துவையல்காரர்கள் என்று மதிக்கப்பட்டார்கள். அய்யாவின் வழியை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களும் அவர்களே.

வறுமை வேறு, எளிமை வேறு

இங்கே ஒரு கேள்வி எழும். அந்த மக்கள் ஏற்கெனவே ஏழைகள். திருவிதாங்கூர் ஆட்சியில் தலைவரி கட்டி, கூலியில்லா ஊழியம் செய்து நொந்தவர்கள். முட்டுக்குக் கீழே வேட்டி கட்டவும், இடுப்பில் தண்ணீர்க்குடம் வைக்கவும், தலையில் பாகை கட்டவும் அவர்களுக்குத் தடை இருந்தது. ஒன்றும் இல்லாதவர்களிடம் போய் இன்னும் குறைத்துக்கொள்ளச் சொல்வது ஏன்?

வறுமை என்பது பிறர் நம்மிடமிருந்து பறித்தது. எளிமை என்பது நாமே யோசித்து எடுத்துக்கொண்டது. ஊழிய வேலையில் பட்டினி கிடந்தபோது அந்தப் பசி மேலாளுக்கு லாபமாகப் போனது. வாகைப்பதியில் ஒரு வேளை உண்டபோது மிஞ்சிய பொழுது அவர்களுக்கே சொந்தமானது. அந்தப் பொழுதில் அவர்கள் வணங்கினார்கள், துவைத்தார்கள், ஒருவரோடு ஒருவர் கூடியிருந்தார்கள். தன் நேரத்துக்குத் தானே எசமான் என்பதை முதன்முதலாகக் கண்டார்கள்.

அய்யா எவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சுத்தத்தைக் குறைக்கவில்லை, மூன்று மடங்கு கூட்டினார். தன்மானத்தைக் குறைக்கவில்லை, தலைப்பாகை கட்டியே வணங்கச் செய்தார். குடும்பத்தைப் பிரிக்கவில்லை. தருமத்தைக் கைவிடச் சொல்லவில்லை. குறைத்ததெல்லாம் வயிற்றின் ஆசையும் வீண் அலைச்சலுமே.

இன்றைய வீட்டில்

வாகைப்பதிக் கடலிலிருந்து மதுக்கரை வெகு தூரம். இங்கே பாலக்காட்டுச் சாலையும் ரயில்பாதையும் சிமெண்ட் ஆலையும்தான் கண்ணில் படும். பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து ஒரு துணிப்பையோடு கோவைக்கு வந்த குடும்பங்கள் பல. இன்று அந்த வீடுகளில் பீரோ நிறைந்திருக்கிறது, வாசலில் வண்டி நிற்கிறது. இதில் தவறொன்றும் இல்லை. உழைத்து வாங்கியதை அனுபவிப்பதை அய்யா தடுக்கவில்லை. ஆனால் உச்சிப்படிப்புக்கு நேரம் எங்கே என்று கேட்டால் அந்த வீட்டில் பதில் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 800 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர், மகளின் சீருக்காக 2 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மண்டபம், பிளெக்ஸ் பேனர், வீடியோ எல்லாம் ஊரார் மெச்சும்படி நடக்கிறது. நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் மாதம் 4,000 ரூபாய் வட்டிக்கு மட்டும் போகும். அது அவருடைய 5 நாள் உழைப்பு. அசல் அப்படியே நிற்கும். மாதத்துக்கு 4 ஞாயிறு என்றால், அந்த நான்கிலும் வேலைக்குப் போனாலும் வட்டிக்குக்கூடப் போதாது.

இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்கு வர முடியாததற்குக் காரணம் புரியும். அவருக்குப் பக்தி குறையவில்லை. அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் முன்பே விற்றுப்போய்விட்டன. ஊரில் தனியாக இருக்கும் தாயைப் பார்க்கவும், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து உகப்படிப்பு சொல்லிக்கொடுக்கவும் வேண்டிய நாள்கள் அவை. மெச்சிய ஊரார் அதை மறுநாளே மறந்துவிட்டார்கள். கலிமாயை பெரிய அரக்க உருவில்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற பேச்சாகவும் அது வீட்டுக்குள் வரும்.

பணத்தைப் போலவே பொழுதும் போகிறது. படுக்கும் முன் கொஞ்ச நேரம் என்று கையில் எடுத்த செல்போன் நடுச்சாமம் வரை இறங்குவதில்லை. அதனால் விடியற்காலைப் படிப்பு தப்பிப்போகிறது.

தாங்கலிலும் இதே பாடம்

அய்யாவின் பள்ளியறையில் சிலை இல்லை. நிலைக்கண்ணாடியும் விளக்கும் இருக்கின்றன. முன்னால் நிற்பவன் தன்னையே காண்கிறான். இதைவிட எளிய வழிபாடு கிடையாது. காணிக்கை வேண்டாம் என்று சொன்னவர் அய்யா. அவர் சந்நிதியில் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் போட்டி போட்டுச் செலவு செய்துவிட்டு, அன்னதர்மத்துக்கு அரிசி போதவில்லை என்றால் அது முறையாகுமா? எந்தச் செலவுக்கும் முன்னால், இது பசித்தவனுக்குப் போய்ச் சேருமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் செய்து பார்க்க

1. குடும்பத்தோடு உட்கார்ந்து, சென்ற மாதச் செலவில் பிறர் பார்ப்பதற்காகச் செய்தவற்றை மட்டும் தனியே எழுதுங்கள். அடுத்த மாதம் அதில் ஒன்றை நிறுத்துங்கள்.

2. மிச்சமாகும் தொகையைப் பெட்டியில் பூட்டாமல் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கு கடனுக்கு, மறு பங்கு தருமத்துக்கு.

3. மாதத்தில் ஒரு ஞாயிறாவது விற்கப்படாத ஞாயிறாக இருக்கட்டும். அன்று குடும்பத்தோடு தாங்கலுக்கு வாருங்கள்.

4. பிள்ளைகளின் படிப்பு, மருந்து, பெற்றோர் பராமரிப்பு, உடல் சுத்தம் ஆகியவற்றில் கைவைக்க வேண்டாம். இவற்றைக் குறைப்பது எளிமை ஆகாது.

துவைக்கும்போது துணி குறைவதில்லை, அழுக்குத்தான் போகிறது. வாழ்க்கையையும் அப்படித் துவைத்துக்கொள்ளவே அய்யா அந்த 700 குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பினார். கடல் இல்லாத மதுக்கரையிலும் அந்தத் துவையலை ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கலாம்.

அய்யா உண்டு!