வைக்கோலும் கோடை வானமும்

நுழையும்முன்

வயல் நெல்லை மனிதர்க்கும் வைக்கோலை மாட்டுக்கும் அளிக்கிறது. நெல்மணி வீடு சேர்ந்த பின்னரும் உழவரின் பார்வை வானத்தை விட்டு அகல்வதில்லை. அதற்கான காரணத்தை இப்பாடம் விளக்குகிறது.

தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் மார்கழி, தை மாதங்களில் விதைக்கப்படும் நவரை நெல், சித்திரையை ஒட்டி அறுவடைக்கு வருகிறது. மேய்ச்சல் நிலங்கள் கருகிக் கிடக்கும் அக்காலத்தில் மாடுகள் பெரிதும் வைக்கோலையே நம்பியுள்ளன. தாளை அறுப்பதற்கும் கட்டுவதற்கும் இடைப்பட்ட சில நாள்களே அவற்றின் பல மாத உணவைத் தீர்மானிக்கின்றன.

அறுத்தவுடன் தாளின் எடையில் பாதிக்கும் மேல் நீரே இருக்கும். அறுவடை இயந்திரம் வரிசையாக விட்டுச்செல்லும் தாள், கோடை வெயிலில் விரைந்து காயும். ஆயினும், மண்ணைத் தொட்டுக் கிடக்கும் அடிப்பகுதியில் ஈரம் தங்கிவிடும். எனவே, தாளைப் புரட்டிவிடுதல் இன்றியமையாதது. மேலே பொன்னிறம் கண்டதும் முற்றும் காய்ந்துவிட்டது எனக் கொள்ளுதல் பிழை. தாளின் கணு மெதுவாகவே காயும். அதனை நசுக்கும்போது ஈரம் தட்டுப்பட்டால் இன்னும் ஒருநாள் வெயில் வேண்டும்.

அந்த ஒருநாளைக் கோடை வானம் எப்போதும் தருவதில்லை. காலையில் வானம் தெளிந்திருக்கும். நண்பகல் வெப்பத்தால் மேலெழும் ஈரக்காற்று குளிர்ந்து முகிலாகத் திரண்டு, மாலையில் இடியுடன் பொழியும். நனைந்த தாளிலிருந்து சர்க்கரையும் சாம்பல் சத்தும் கரைந்து வெளியேறும், நிறம் கறுக்கும், பூஞ்சை படரும். அத்தகைய வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும். பசியால் உண்டால் நோயுறவும் கூடும்.

மழைக்கு அஞ்சி ஈரத்தாளையே கட்டிவிடுவதும் தீர்வாகாது. ஈரம் நூற்றுக்கு 15 பங்கு அளவிற்குக் குறைந்த பின்னர்க் கட்டுதல் நன்று. ஈரத்துடன் இறுகிய கட்டினுள் நுண்ணுயிர்கள் பெருகி வெப்பத்தை உண்டாக்கும். வைக்கோல் வெப்பத்தை எளிதில் வெளிவிடாது. ஆதலால், சூடு உள்ளேயே மிகுந்து, சில வேளைகளில் தானாகவே தீப்பற்றுவதும் உண்டு.

முன்னோர் வைக்கோற்போரை மேடான இடத்தில் அமைத்தனர். மழைநீர் வழிந்தோடுமாறு அதன் முகட்டைக் குவித்தனர். இன்று இயந்திரம் சில மணிநேரத்தில் வயல் முழுவதையும் உருளைக் கட்டுகளாக்கிவிடுகிறது. வாடகை இயந்திரம் ஊரில் நிற்கும்போதே கட்டிவிட வேண்டும் என்னும் நெருக்கடியும் உழவருக்கு உண்டு. கட்டும் வேகம் கூடியுள்ளது. தாள் காய்வதற்கு வேண்டிய காலம் மாறவில்லை. அக்காலத்தைப் பொறுத்திருந்து அளிப்பவரின் தொழுவத்தில்தான் கோடை முழுவதும் நல்ல தீவனம் இருக்கும்.

குறுவினா
1. வைக்கோல் காய்ந்ததை அறியக் கணுவை நசுக்கிப் பார்ப்பது ஏன்?
2. ஈரத்துடன் கட்டப்பட்ட வைக்கோல் தீப்பற்றுவது எவ்வாறு?