நாடியை நடக்கவிட்டுப் பார்

அன்புத் தம்பிக்கு,

டெல்லி ஜனக்புரியில் இதய நோய் ஓ.பி. பார்க்கத் தொடங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். உன் மேசைக்கு வரும் பழைய சீட்டுகளில் டிஜாக்சின் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். அதைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: உட்கார்ந்திருப்பவரிடம் அந்த மருந்து காட்டும் முகம் வேறு, படியேறுபவரிடம் காட்டும் முகம் வேறு.

இதயத் தசைச் செல்லின் சோடியம் பம்ப்பை அது தடுக்கிறது. உள்ளே கால்சியம் கூடி, தசை அழுத்தமாகச் சுருங்குகிறது. ஆரோக்கியமான இதயத்துக்கு இதனால் பெரிய லாபமில்லை. ரத்தக் குழாய்களும் சற்று இறுகிவிடுகின்றன. சோர்ந்த இதயத்திலோ ரத்த வெளியேற்றம் கூடுகிறது. அதுவரை உடம்பை முறுக்கி வைத்திருந்த சிம்பதெடிக் நரம்புகள் தளர்கின்றன, குழாய்கள் விரிகின்றன, கால் வீக்கம் வடிகிறது.

ருமாட்டிக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் சேர்ந்துகொண்ட ஒரு பெண் உன் முன் உட்கார்ந்திருக்கிறார் என்று வை. துடிப்பு 80. அதே மருந்தைத் தொடரச் சொல்லி அனுப்பத் தோன்றும். அனுப்பாதே. வராந்தாவில் இரண்டு நடை நடக்கவிட்டு, உடனே ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து எண்ணு, 140 இருக்கலாம். மணிக்கட்டை நம்பாதே, இப்படித் தாறுமாறாக ஓடும் துடிப்பில் பல அடிகள் அதுவரை வந்து சேர்வதில்லை.

காரணம் இதுதான். டிஜாக்சின் துடிப்பைக் குறைப்பது பெரும்பாலும் வேகஸ் நரம்பின் வழியாக. நடக்கத் தொடங்கியதும் வேகஸ் விலகிக்கொள்ள, அட்ரினலின் கை ஓங்குகிறது. மருந்தின் பிடி நழுவுகிறது. துடிப்பு வேகமானால் இதயம் நிரம்பும் நேரம் குறையும். குறுகிய வால்வைத் தாண்ட முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சு வாங்கும். அங்கே டிஜாக்சின் அளவை ஏற்றிக்கொண்டே போகாதே. பீட்டா பிளாக்கர் சேர்க்கலாமா என்று யோசி.

அதற்காக உழைப்பு நேரத்தில் இந்த மருந்து உதவாது என்று முடிவுகட்டிவிடாதே. சீரான துடிப்புள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் டிஜாக்சினை நிறுத்திப் பார்த்தபோது அவர்களின் உழைப்புத் திறன் குறைந்தது என்று 1993இல் வந்த ரேடியன்ஸ் ஆய்வு காட்டியது. 1997இல் 6,800 பேரை வைத்து வெளியான டிஜாக்சின் ஆய்வில் மருத்துவமனைச் சேர்க்கை குறைந்தது, மரணம் குறையவில்லை. இதயத்தை இன்னும் வலுவாகச் சுருங்கவைக்கும் மில்ரினோன் மாத்திரையோ 1991இன் ப்ராமிஸ் ஆய்வில் மரணத்தை 28 சதவீதம் கூட்டியது. சாட்டையடி வாங்கிய மாடு வேகமாக ஓடும். அதனால் அதன் ஆயுள் கூடாது.

மருந்தின் விளைவை அளந்து பார்க்கும் மரபு உன் ஊரிலேயே உண்டு. நம் தோட்டங்களில் பூக்கும் மஞ்சள் அரளியிலிருந்து எடுத்த, டிஜாக்சின் வகையைச் சேர்ந்த பெருவோசைடு என்ற மருந்து இதயச் செயலிழப்பில் ரத்த ஓட்டத்தை எப்படி மாற்றுகிறது என்று டெல்லி எய்ம்ஸின் பாட்டியா, மன்சந்தா, சுஜோய் ராய் ஆகியோர் ஆராய்ந்து, 1970இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதே அரளி விதைதான் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கிறது. இந்த வகை மருந்துகளில் குணத்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல்.

ஆகவே ரத்தத்தில் டிஜாக்சின் மில்லி லிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை போதும். வாரத்தில் ஐந்து நாள் மாத்திரை என்ற நம் ஊர் வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதாதே. எடையையும் சிறுநீரகத்தையும் பார்த்து அளவைத் தீர்மானி. மே, ஜூன் வெயிலில் நீர் வற்றிய முதியவருக்கு மருந்து உடம்பில் தங்கும். சிறுநீர் மாத்திரையால் பொட்டாசியமும் இறங்கியிருந்தால் ஆபத்து இரட்டிப்பு. பசியில்லை, குமட்டுகிறது என்று சொன்னால் முதலில் டிஜாக்சினைச் சந்தேகி.

லிஃப்ட் இல்லாத டிடிஏ அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள் உன் நோயாளிகள். எந்த மாடியில் வீடு, நடுவில் எங்கே நிற்கிறார்கள் என்று கேள். உட்கார்ந்தபோது துடிப்பு எத்தனை, நடந்தபின் எத்தனை என்று இரண்டு எண்களையும் சீட்டில் எழுது. அடுத்த முறை பார்க்கும் மருத்துவர் மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா என்பதை அவற்றை வைத்தே முடிவு செய்வார்.

அன்புடன்,
உன் மூத்த சக மருத்துவன்