குளிர்மலையில் வளர்ப்பு ஓணானின் எலும்பு நோய்

வீட்டில் வளர்க்கும் பல்லி, ஓணான் இனங்களை அதிகம் முடக்கிப்போடுவது எலும்பு மெலிந்து வளையும் நோய். கால்நடை மருத்துவர்கள் இதை வளர்சிதை மாற்ற எலும்பு நோய் என்கிறார்கள். உடலில் கால்சியம் பற்றாமல் போவதே அடிப்படை. தீனியிலேயே கால்சியம் இல்லாததால் இது வரலாம்; தீனியில் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியத்தை ஒட்டவிடாமல் செய்வதால் வரலாம்; தட்டு நிறைய கால்சியம் இருந்தும் குடல் அதை உறிஞ்சாததாலும் வரலாம். ஈப்போவிலோ கிள்ளானிலோ முதல் இரண்டையும் சரிசெய்தால் பெரும்பாலும் பாதி வேலை முடிந்துவிடும். கேமரன் மலையில் மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. கால்சியப் பொடி போட்டுக்கொண்டே இருந்தும் பிராணி தேறவில்லை என்று தோட்டத்து வீடுகளில் கேட்கும் புலம்பலுக்குக் காரணம் அதுவே.

பகலில் நடமாடும் ஓணான்களின் தோலில் ஒருவகைக் கொழுப்புப்பொருள் இருக்கிறது. சூரிய ஒளியில் உள்ள புறஊதா-பி கதிர் பட்டதும் அது வைட்டமின் டி3-இன் முன்வடிவமாக மாறும். அந்த முன்வடிவம் முழு டி3 ஆக உடலில் சூடு வேண்டும். பிறகு ஈரலிலும் சிறுநீரகத்திலும் பதப்பட்டுத்தான் அது குடலுக்குக் கால்சியத்தை உறிஞ்சச் சொல்லும். ஒளி, சூடு இரண்டில் ஒன்று குறைந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். இரத்தத்தில் கால்சியம் இறங்கியதும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொண்டு எலும்பைக் கரைத்து அந்தக் குறையை நிரப்பும். இதயமும் தசையும் இயங்க வேண்டுமே! கரைந்த இடத்தில் நார்த்திசு வளர்வதால் கால்கள் உருண்டு திரண்டு தெரியும். ‘நல்லா சதை போட்டிருக்கு’ என்று வீட்டார் மகிழ்வது பல நேரங்களில் இந்த வீக்கத்தைப் பார்த்துத்தான்.

1929இல் ஜே. ஏ. ரஸல் தொடங்கிய போ தோட்டம் முதல் வடக்கே புளூ வேலி வரை, இந்த மலையில் தேயிலை செழிக்கக் காரணமான குளிரும் மூடுபனியுமே ஆஸ்திரேலியப் பாலைநிலத்துத் தாடி ஓணானுக்குப் பகை. தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர். பிரிஞ்சாங் இன்னும் சற்று உயரம். பகலில் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அபூர்வம். இரவில் 15 டிகிரி வரை இறங்கும். தாடி ஓணானுக்கோ வெயில் காயும் இடம் 38 முதல் 42 டிகிரி வரை இருக்க வேண்டும். பச்சை இகுவானாவுக்கு 32 முதல் 35. உடல் சூடேறாத பிராணிக்குத் தின்றது செரிக்காது. செரிக்காத தீனியிலிருந்து கால்சியம் வந்து சேராது. இதே மலைக்காட்டில் வாழும் ராபின்சன் மலை ஓணானுக்கு இந்தக் குளிரே தாய்வீடு. அதைப் பார்த்து, கடையில் வாங்கிய வெளிநாட்டு ஓணானும் பழகிக்கொள்ளும் என்று எண்ணுவது தவறு. மலை ஓணானைப் பிடித்து வளர்ப்பதும் வேண்டாம். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. காட்டுயிர் எதையும் தொடுமுன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

உயரம் கூடக்கூடப் புறஊதாக் கதிரும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் பிற்பகலில் மேகமும் மழையும் வந்து அந்த ஆதாயத்தைத் தின்றுவிடுகின்றன. இன்னொன்று கடிகாரம். 1982இல் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை முன்னே தள்ளி வைத்ததால் இங்கே உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகாலையொட்டித்தான். காலை ஒன்பது மணி வெயில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் அதில் புறஊதா-பி சொற்பமே. தரையில் ஒரு குச்சியை நட்டுப் பார்க்கலாம்: நிழல் குச்சியைவிட நீளமாக இருக்கும்வரை அந்த வெயிலால் பெரிய பயனில்லை. நிழல் குச்சியைவிடக் குட்டையாவது பத்தேகால், பத்தரை மணிக்கு மேல். அப்போதிலிருந்து மூடுபனி ஏறும்வரைதான் இந்த மலையின் நல்ல நேரம். பிராணியைக் கம்பிவலைக் கூண்டில், பாதி நிழலோடு வெளியே வைக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியில் வைத்தால் கதிர் உள்ளே வராது, வெப்பம் மட்டும் ஏறிக் கொன்றுவிடும். சன்னலோரம், பிளாஸ்டிக் கொட்டகைக்கு அடியில் என்று வைப்பவர்களும் உண்டு. அங்கெல்லாம் வெளிச்சம் வரும், வேண்டிய கதிர் வராது.

நோயின் தொடக்கம் சத்தமில்லாதது. தீனியில் நாட்டம் குறையும். ஓடிப்பிடித்த பூச்சியை இப்போது உட்கார்ந்தே பார்க்கும். மலம் கட்டும். அடுத்து, கையில் ஏந்தும்போது விரல்நுனிகள் துடிப்பது தெரியும். வயிற்றைத் தூக்கி நடக்காமல் தரையில் தேய்த்து நகரும். கீழ்த்தாடையை இருபுறமும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மிக இலேசாக அழுத்தினால், கெட்டியாக இருக்க வேண்டிய எலும்பு ரப்பர் போல அமுங்கும். வால் நெளியும், முதுகெலும்பு கோணும், பின்னங்கால்கள் இழுபடும். இலேசாகக் குதித்தாலே எலும்பு முறியும். வெட்டியிழுப்பு வந்துவிட்டால் அது அவசரநிலை, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஊர்வன பார்க்கும் மருத்துவர் மலைமேல் கிடைப்பது அரிது. ஈப்போவுக்கோ, கோலாலம்பூர்ப் பக்கமோ, செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கோ இறங்க வேண்டியிருக்கும். தாப்பா சாலையின் வளைவுகளில் பெரிய கூண்டில் கொண்டுபோனால் பிராணி உருண்டே எலும்பை முறித்துக்கொள்ளும். துண்டு விரித்த சிறிய பெட்டி போதும். துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாம். தூக்கும்போது உள்ளங்கை முழு உடலையும் தாங்க வேண்டும். வாலையோ காலையோ பிடிக்கக் கூடாது. கூண்டு, விளக்கு, பொடிப் புட்டியின் சீட்டு எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டுபோனால் மருத்துவரின் பாதிக் கேள்விக்கு அதுவே பதில்.

எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் மெலிந்து தெரியும். ஆனால் கணிசமான தாது கரைந்த பிறகே அந்த மாற்றம் படத்தில் விழும் என்பதால், படம் சுத்தமாக இருந்தாலே நோயில்லை என்றாகாது. இரத்தப் பரிசோதனையும் ஏமாற்றலாம்: எலும்பு தன்னையே கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை கால்சியம் சரியான அளவையே காட்டும். சிறுநீரகக் கோளாறாலும் இதே எலும்பு நோய் வரும். அதற்கு வைத்தியம் வேறு. கண்மூடித்தனமாகக் கால்சியம் கொடுப்பது அங்கே கேடு. அதனால்தான் பாஸ்பரஸ் அளவையும் பார்ப்பார்கள்.

இழுப்பு இருந்தால் மருத்துவர் கால்சியம் குளுக்கோனேட் ஊசி போடுவார். நிலை தணிந்ததும் வாய்வழி கால்சியம் குளுபியோனேட் போன்ற மருந்து, பிராணியின் எடைக்கேற்ற அளவில், வாரக்கணக்கில் தொடரும். ஊசிக்குழாயால் வாயின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்; அவசரப்பட்டால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். எலும்பு கரைவதை நிறுத்தக் கால்சிடோனின் ஊசியும் உண்டு. அது இரத்தக் கால்சியத்தை இன்னும் இறக்கும் என்பதால், கால்சியம் சீரான பிறகே போடத் தகுந்தது. முறிந்த காலுக்குக் கட்டும் ஓய்வும்தான். மென்மையான எலும்பில் திருகாணி நிற்காது. ஏறிக் குதிக்கும் கிளை, கல் எல்லாவற்றையும் கூண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். மனிதருக்கான கால்சியம் மாத்திரையை அளவில்லாமல் பொடித்துப் போடுவது ஆபத்து. பலவற்றில் டி3 கலந்திருக்கும்; அது மிகுந்தால் இரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும்.

தீனியில் கால்சியம் இரண்டு பங்குக்குப் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. கடைகளில் செங்கெரிக் என்று விற்கும் சுவர்க்கோழியில் இது தலைகீழ். பாஸ்பரஸே பல மடங்கு. மாவுப்புழுவும் அப்படித்தான். பூச்சிக்கு முதலில் ஒன்றிரண்டு நாள் கால்சியம் செறிந்த தீனி கொடுத்து, பிறகு பிளாஸ்டிக் பையில் கால்சியம் கார்பனேட் பொடியோடு குலுக்கி உடனே போட வேண்டும். தாமதித்தால் பூச்சி தன்மேல் ஒட்டிய பொடியைத் துடைத்துக்கொள்ளும். மலையின் ஈரக்காற்றில் பொடி கட்டிப்போவதால் காற்றுப்புகாத டப்பா அவசியம். பொடி தீர்ந்த நாளில், அவித்துக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு கைகொடுக்கும்.

இலை தின்னும் இகுவானாவுக்குச் சந்தையில் மலிந்து கிடக்கும் முட்டைக்கோஸையே போடுவது வழக்கமாகிவிட்டது. அதில் கால்சியம் குறைவு. பசலையும் பாயமும் கால்சியம் உள்ளவைதாம். ஆனால் அவற்றிலுள்ள ஆக்சலேட் அதைக் கட்டிப்போட்டுவிடும். கடுகு இனத்துச் சாவிக்கீரை, வாட்டர்கிரஸ் ஆகியவை மேல். முருங்கைக்கீரையை இடையிடையே சேர்க்கலாம். தேயிலை வரிசையிலோ காய்கறித் தோட்டத்திலோ பிடித்த பூச்சியும் பறித்த இலையும் வேண்டாம். பூச்சிமருந்து எப்போது அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மூடுபனி நாட்களுக்கு விளக்கே கதி. நீளமான டி5 (T5) புறஊதா-பி குழல்விளக்கு நல்லது. அதற்கும் பிராணிக்கும் இடையே கண்ணாடி இருக்கலாகாது, நெருக்கமான வலையும் கதிரில் ஒரு பங்கை விழுங்கும். ஓராண்டில் விளக்கை மாற்ற வேண்டும். வெளிச்சம் வந்துகொண்டிருக்கும், கதிர் மங்கியிருக்கும். வெயில் காய வெப்ப விளக்கும், இரவுக்கு வெளிச்சமில்லாத பீங்கான் சூடேற்றியும் வெப்பக் கட்டுப்படுத்தியோடு வேண்டும். தகரக்கூரை லயத்து வீட்டில் கண்ணாடித் தொட்டியைவிட மரப்பெட்டி சூட்டைத் தக்கவைக்கும். செலவு என்று பார்த்தால், கால்சியம் புட்டிக்கு முன்னால் வாங்க வேண்டியவை இந்த விளக்குகளும் ஒரு வெப்பமானியும்தான். இரவில் நடமாடும் சிறுத்தைப் பல்லிக்கு இவ்வளவு கதிர் தேவையில்லை. டி3 கலந்த பொடி வாரத்துக்கு ஓரிரு முறையும், ஒரு மூடியில் தனிக் கால்சியமும் போதும். சூடு அதற்கும் வேண்டும்.

துடிப்பு சில நாட்களில் அடங்கும். தாடை கெட்டிப்பட வாரங்கள், மாதங்கள் ஆகும். கோணிய முதுகும் வளைந்த காலும் பழைய நிலைக்கு வருவதில்லை. ஆனாலும் அந்தக் கோணலோடு நன்றாகத் தின்று, ஏறி இறங்கி நெடுநாள் வாழும் பிராணிகள் உண்டு. பெண் பிராணி முட்டையிடும் பருவத்தில் எலும்பிலிருந்தே ஓட்டுக்குச் சுண்ணாம்பு போவதால், ஒருமுறை நோய்ப்பட்டதை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருப்பதே நல்லது.