கடலோடிகளின் தேவைகளும் தொடர்புச் சாதனங்களும்

எர்ணாகுளம் நகரின் தென்பகுதியில், கொச்சிக் காயலின் கீழ்க்கரையில் அமைந்துள்ளது தேவரா. 1944ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சேக்ரட் ஹார்ட் கல்லூரி இவ்வூரில் இருக்கின்றது. காயலின் மறுபுறம் வெலிங்டன் தீவு காணப்படும். 1957இல் பணி தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அத்தீவிலே உள்ளது. தீவுக்கு மேற்கே தோப்பும்படி மீன்பிடித் துறைமுகமும், அதற்கு வடமேற்கே மட்டாஞ்சேரியும் இருக்கின்றன. தோப்பும்படியிலிருந்து புறப்படும் ஆழ்கடற் படகுகளில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களைச் சேர்ந்த தமிழ் மீனவர்கள் பலர் தொழில் செய்கின்றனர். ஒருமுறை புறப்பட்டால் பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்காகவும், அவர்கள் கடலிலேயே தங்குவர்.

இத்தகைய படகு ஒன்றில் இன்று பலவகைத் தொடர்புச் சாதனங்கள் காணப்படலாம்: கைப்பேசி, கம்பியில்லா வானொலி, செயற்கைக் கோளுடன் தொடர்பு கொள்ளும் பெட்டி முதலியன. இவை அனைத்தும் "செய்தி அனுப்பும் கருவிகள்" என ஒரே பெயரால் வழங்கப்படினும், ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. மனிதனின் தேவைகள் பல. ஒவ்வொரு தேவைக்கும் வேண்டிய தொடர்பின் இயல்பு வேறு. இவ்வேறுபாட்டை அறியாது சாதனத்தை நம்புவது, கடலில் உயிருக்கே இடர் விளைவிக்கக்கூடும்.

நான்கு வினாக்கள்

தொடர்புச் சாதனம் எதுவாயினும் அதனை நான்கு வினாக்களால் ஆராய்தல் நன்று. முதலாவது, செய்தி எவ்வளவு தூரம் செல்லும்? இரண்டாவது, அது எத்திசையில் செல்லும்: கரையிலிருந்து படகுக்கா, படகிலிருந்து கரைக்கா, அன்றி இருபுறமுமா? மூன்றாவது, எவ்வளவு விரைவில் சேரவேண்டும்? நான்காவது, பெறுபவர் அதனைத் தம் மொழியில் விளங்கிக்கொள்ள இயலுமா? மீனவரின் தேவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு இவ்வினாக்களைப் பொருத்திப் பார்க்கலாம்.

விலை அறியும் தேவை

கேரளத்தின் வட மாவட்டங்களில் கைப்பேசி வந்த வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கோழிக்கோட்டில் 1997ஆம் ஆண்டு ஜனவரியிலும், கண்ணூரில் 1998ஆம் ஆண்டு ஜூலையிலும், காசர்கோட்டில் 2000ஆம் ஆண்டு மே மாதத்திலும் கைப்பேசிச் சேவை தொடங்கிற்று. இம்மாற்றத்தின் விளைவை ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் 1996 முதல் 2001 வரை, 15 கடற்கரைச் சந்தைகளில், மத்தி மீன் பிடிக்கும் படகுகளைக் கொண்டு ஆராய்ந்தார். அவருடைய ஆய்வு 2007இல் வெளியாயிற்று.

கைப்பேசி வருமுன் படகுகள் தத்தம் ஊர்க் கரைக்கே திரும்புவது வழக்கம். ஒரு கரையில் மீன் மிகுந்து, வாங்குவாரின்றிக் கடலில் கொட்டப்படும். அதே காலையில் சில கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் வெறுங்கையுடன் திரும்புவர். நாள்தோறும் பிடிக்கப்பட்ட மீனில் 5 முதல் 8 சதவீதம் இவ்வாறு வீணாயிற்று. கைப்பேசிக் கம்பங்கள் கரையோரத்தில் அமைந்தமையால் அவற்றின் அலைகள் கடலில் 20 முதல் 25 கிலோமீட்டர் வரை எட்டின. மீனவர் கடலிலிருந்தே விலை கேட்டறிந்து, நல்ல விலை கிடைக்கும் கரைக்குப் படகைச் செலுத்தினர். வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் ஆதாயம் சராசரி 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையோ 4 சதவீதம் குறைந்தது.

இங்குத் தேவைப்பட்டது குறுகிய தூரத் தொடர்பு. ஆனால் இருவழித் தொடர்பு. கேள்விக்கு உடனே விடை வேண்டும். பேசுவோர் இருவரும் ஒரே மொழியினர். ஆதலின் கைப்பேசி இத்தேவைக்கு முற்றும் பொருந்தியது.

மீன் நிலை அறியும் தேவை

மீன் எங்கு மிகுதியாக இருக்கக்கூடும் என்பது அடுத்த தேவை. ஹைதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கான அறிவிப்புக்களை வெளியிட்டு வருகின்றது. செயற்கைக் கோள்கள் கடற்பரப்பின் வெப்பநிலையையும் நிறத்தையும் அளக்கின்றன. வெப்பநீரும் குளிர்நீரும் சந்திக்கும் எல்லைகளில் ஊட்டப் பொருள்கள் திரளும். அவற்றால் நுண்ணிய மிதவைத் தாவரங்கள் பெருகும். அவற்றின் பச்சையம் கடலின் நிறத்தை மாற்றும். அவ்விடங்களை நாடிச் சிறுமீன்களும், அவற்றைத் தொடர்ந்து பெருமீன்களும் வரும்.

இவ்வறிவிப்பில் ஒவ்வொரு மீன் இறங்குதுறையிலிருந்தும் செல்லவேண்டிய திசை, தூரம், அவ்விடத்துக் கடலின் ஆழம் ஆகியவை குறிக்கப்படும். மேகம் அடர்ந்த நாட்களில் வெப்பநிலையை அளக்கும் அகச்சிவப்புக் கதிர்கள் கோளைச் சென்றடையா. ஆகவே இவ்வறிவிப்பு வாய்ப்பைக் கூறுவதேயன்றி உறுதியைக் கூறுவதன்று. இத்தேவைக்கு ஒருவழிச் செய்தி போதும். சில மணி நேரத் தாமதமும் பெருங்கேடு விளைக்காது. புறப்படுமுன் துறைமுகத்தின் அறிவிப்புப் பலகையிலோ கைப்பேசியிலோ அதனைப் படித்துக்கொள்ளலாம்.

உயிர் காக்கும் தேவை

மேற்கூறிய இரு தேவைகளுக்கும் போதுமான சாதனம் மூன்றாவது தேவையில் கைவிட்டுவிடுகின்றது. அதன் காரணம் பூமியின் உருண்டை வடிவமே.

கம்பியில்லா வானொலியின் மிகையதிர்வு அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்பவை. கடற்பரப்பு வளைந்து தாழ்வதால் ஒரு தூரத்துக்கு அப்பால் படகு அலைகளின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அத்தூரத்தைக் கணிக்க எளிய முறை உண்டு. கரைக் கம்பத்தின் உயரத்தையும் படகுக் கம்பத்தின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு, இரண்டையும் கூட்டி, 4.1 ஆற் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கரைக் கம்பம் 49 மீட்டரும் படகுக் கம்பம் 4 மீட்டரும் எனக் கொள்வோமாயின், 7ஐயும் 2ஐயும் கூட்டி 4.1 ஆற் பெருக்க, ஏறத்தாழ 37 கிலோமீட்டர் ஆகும். ஆழ்கடற் படகுகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்பவை. அவற்றுக்கு இத்தொடர்பு பயணத்தின் முதற் சில மணி நேரத்திலேயே அறுந்துவிடுகின்றது.

இதன் பொருள் 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் யாவருக்கும் தெரிந்தது. குமரி முனையருகே ஒக்கிப் புயல் விரைந்து வலுப்பெற்றது. கரையிலிருந்தோருக்கு எச்சரிக்கை கூற முடிந்தது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றுவிட்ட படகுகளுக்கோ அதனை எட்டச்செய்ய வழியில்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நூற்றுக்கணக்கான மீனவர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். அப்படகுகளிற் கைப்பேசிகள் இருந்தன. எட்டவேண்டிய தூரத்தை எட்டும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

வாயும் செவியும்

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நிற்கும் செயற்கைக் கோளிலிருந்து பரந்த கடற்பரப்பைப் பார்க்க இயலும். படகிலிருந்து புறப்படும் அலை கோளைச் சேர்ந்து கரைக்கு மீள்வதற்குக் கால் விநாடியளவே பிடிக்கும். ஆகவே ஆழ்கடலுக்குச் செயற்கைக் கோள்வழித் தொடர்பே ஏற்றது. எனினும் இங்கும் திசை பற்றிய வினா எழுகின்றது.

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அபாய அறிவிப்புப் பெட்டி 2010 முதல் பயன்பாட்டிலுள்ளது. ஆபத்திலுள்ள மீனவர் பொத்தானை அழுத்தினால், படகின் அடையாளமும் இருப்பிடமும் கோள்வழியாகக் கட்டுப்பாட்டு நிலையத்தைச் சேரும். அங்கிருந்து கடலோரக் காவற்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையங்களுக்குத் தெரிவிக்கப்படும். ஆனால் அம்முதல் வகைப் பெட்டிக்கு வாய் உண்டு; செவி இல்லை. அழைப்பு சென்றதா, கேட்டவர் உண்டா என்பதை அழைத்தவர் அறிய வழியில்லை.

2019ஆம் ஆண்டு அக்டோபரில் அறிமுகமான ஜெமினி என்னும் பெட்டி இதற்கு மறுதலையானது. ககன் செயற்கைக் கோள் அமைப்பின் வழியே புயல் எச்சரிக்கையும் மீன்வள அறிவிப்பும் பெற்று, புளூடூத் மூலம் கைப்பேசியில் வட்டார மொழிகளில் காட்டுவது அது. அதற்குச் செவி உண்டு, வாய் இல்லை. புயல் வருவதை அது கூறும். படகு மூழ்குவதைக் கரைக்குக் கூறாது.

இவ்விரு குறைகளையும் நீக்கும் முயற்சியே பின்வந்த சாதனங்கள். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிடப்பட்ட இரண்டாம் தலைமுறை அபாய அறிவிப்புப் பெட்டி, மீனவரின் அழைப்புக் கிடைத்தது என்னும் மறுமொழியை நாவிக் அமைப்பின் வழியே படகுக்குத் திருப்பி அனுப்புகின்றது. 2024 ஆகஸ்ட் 30ஆம் நாள் மகாராஷ்டிரத்துப் பால்கரில் தொடங்கப்பட்ட திட்டத்தின்படி, 364 கோடி ரூபாய்ச் செலவில் 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஒரு லட்சம் படகுகளில் இருவழித் தொடர்புப் பெட்டிகள் பொருத்தத் தீர்மானிக்கப்பட்டது. சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிப்பதும் அவற்றின் பணிகளுள் ஒன்று. பாக் நீரிணைப் பகுதி மீனவர்க்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும்.

மறுமொழி என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருப்பவனுக்கு, தன் குரல் கரையிற் கேட்டது என்னும் அறிவே மேலும் சில மணி நேரம் தாங்கி நிற்கும் வலிமையைத் தரும். படகை விட்டு நீந்துவதா, அங்கேயே காத்திருப்பதா என்னும் முடிவும் அதனைப் பொறுத்ததே. கரையில் காத்திருக்கும் குடும்பத்தாருக்கும் இத்தேவை உண்டு.

மறைவுத் தேவை

இருவழிச் சாதனம் படகின் இருப்பிடத்தையும் அறிவிக்கின்றது. மீன் நிறைந்த இடத்தைப் பிறரறியாது காத்துக்கொள்வது மீனவரின் பழைய வழக்கம். "எங்கள் இடம் பிறருக்குத் தெரிந்துவிடுமோ" என்னும் ஐயத்தால் சிலர் சாதனத்தை அணைத்துவைக்க நேரிடலாம். அணைத்த சாதனம் ஆபத்தில் உதவாது. இவ்வையத்தை அறியாமை எனத் தள்ளிவிடாமல், இருப்பிடத் தகவல் யாரிடம் செல்கின்றது, எதற்குப் பயன்படுகின்றது என்பதைக் களப்பணியாளர் தெளிவாக எடுத்துரைத்தல் வேண்டும். மறைவும் ஒரு மனிதத் தேவையே. அதனை மதித்தாலன்றிப் பாதுகாப்புத் தேவை நிறைவேறாது.

களப்பணியாளர் கவனத்திற்கு

1. படகு செல்லும் தூரத்தை முதலிற் கேட்டறிக. கரையோரப் படகுக்குக் கைப்பேசியும் வானொலியும் பெரிதும் பயன்படும். ஆழ்கடற் படகுக்குக் கோள்வழிச் சாதனம் இன்றியமையாதது.

2. படகிலுள்ள சாதனம் பேசுவதா, கேட்பதா, இரண்டும் செய்வதா என்பதைப் படகிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். தலைவர் மட்டும் அறிந்திருத்தல் போதாது. ஆபத்தில் முதலில் மயங்குபவர் அவராகவே இருக்கலாம்.

3. மின்கலத்தின் நிலை, வானத்தை மறைக்காதபடி அலைவாங்கி அமைந்த விதம், கைப்பேசியுடன் இணைப்பு ஆகியவற்றைப் புறப்படுமுன் சோதிக்க.

4. கைப்பேசியில் தோன்றும் செய்தி படகிலுள்ளோர் படிக்கும் மொழியில் அமைந்துள்ளதா என்று காண்க. கொச்சியிலிருந்து செல்லும் படகில் மலையாளமும், தமிழும், வடநாட்டுத் தொழிலாளரின் மொழிகளும் ஒருங்கே வழங்கக்கூடும்.

5. கடலோரக் காவற்படையின் 1554 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணைப் படகிலும் வீட்டிலும் எழுதிவைக்கச் செய்க.

ஆசிரியர்க்கு

இப்பாடத்தை வகுப்பில் நடத்தும்போது மாணவரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு கரையாகவும் மற்றொன்று படகாகவும் கொள்ளச் செய்யலாம். முதலில் படகுக் குழு மட்டும் பேசலாம், கரை பேசலாகாது என்றும், பின்னர் கரை மட்டும் பேசலாம் என்றும், இறுதியில் இருவரும் பேசலாம் என்றும் விதித்து, ஒரே அபாயச் செய்தியை மும்முறை நடத்துக. ஒருவழித் தொடர்புக்கும் இருவழித் தொடர்புக்கும் உள்ள வேறுபாடு மாணவர் மனத்தில் எளிதிற் பதியும். அதன்பின் பின்வரும் வினாக்களைக் கொடுக்கலாம்.

(அ) கரைக் கம்பம் 100 மீட்டர், படகுக் கம்பம் 9 மீட்டர் உயரமாயின் அலைகள் எட்டும் தூரம் என்ன?

(ஆ) விலை அறிவதற்கு ஏற்ற கைப்பேசி, புயல் எச்சரிக்கைக்கு ஆழ்கடலில் ஏன் பயன்படவில்லை?

(இ) உங்கள் ஊரில் வெள்ளம், தீ, நோய் ஆகியவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அப்போது வேண்டிய தொடர்பின் தூரம், திசை, விரைவு, மொழி ஆகியவற்றை எழுதுக.

சாதனத்தின் சிறப்பு அதன் நுட்பத்தில் மட்டும் இல்லை. அதனை ஏந்துபவனின் தேவைக்கு அது பொருந்துகின்றதா என்பதே முதலிற் கேட்கத்தக்கது. அவ்வினாவைப் படகு துறையை விட்டுப் புறப்படுமுன்னரே கேட்டுவிடுதல் வேண்டும்.