வெள்ளத்துக்கு ஒரு சீரியல் போர்ட்

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மலையில் பெய்த மழை கீழே குளித்தவர்களுக்குத் தெரியவில்லை. மேலகரத்தில் இருக்கும் நானும் இலஞ்சியில் இருக்கும் நண்பனும் அந்த வாரமே பேச ஆரம்பித்தோம். நீர்மட்டம் ஏறினால் ஹாரன் அடிக்கும் ஒரு சின்னப் பெட்டியைச் செய்து பார்த்தால் என்ன?

செய்துவிடலாம், சோதிப்பதுதான் பாடு. குற்றாலப் பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழும் நாளில் போலீஸ் யாரையும் உள்ளே விடாது, விடவும் கூடாது. வெள்ளம் வரட்டும் என்று காத்திருந்தா நிரல் எழுதுவது? அதனால் கியூஎமுவுக்குள் போனோம். போர்டு கையில் இல்லாமலேயே கணினிக்குள் ஒரு ரிஸ்க்-ஃபைவ் இயந்திரத்தை ஓட்டிக் காட்டும் மென்பொருள் அது. அதில் 'வெர்ட்' என்று ஒரு மேடை உண்டு. எந்த நிஜ போர்டின் நகலும் அல்ல. பாவனை இயந்திரமாகவே பிறந்தது.

எங்கள் சென்சார் சீரியல் கம்பியில் 4 பைட் 4 பைட்டாகத் தூரத்தை அனுப்பும் வகை. வெர்ட்டில் யூஆர்ட் எனும் சீரியல் போர்ட் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் கன்சோல் எடுத்துக்கொள்ளும். சென்சாருக்கு இன்னொன்று வேண்டும்.

நான் செய்த முதல் தப்பு, சென்சாரையே ஒரு புதுச் சாதனமாக சி மொழியில் எழுத உட்கார்ந்தது. ரெஜிஸ்டர், ரீசெட், இன்டரப்ட் என்று இரண்டு வாரம் போனது. தேவையே இல்லை. அந்த இன்னொரு யூஆர்ட்டின் மறுமுனையை ஒரு சாக்கெட்டில் கட்டிவிட்டால், வெளியே ஓடும் ஒரு சின்ன பைதான் நிரலே சென்சார் ஆகிவிடும். எழுதத் தொடங்கும் முன் 'டிவைஸ் ஹெல்ப்' கட்டளையைப் போட்டு, ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பிசிஐ சீரியல் கார்டு அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. லினக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது போதும். எங்கள் நிரல் இயங்குதளம் இல்லாமல் நேராக ஓடுவது. பிசிஐ பஸ்ஸைத் துழாவும் சத்து அதற்கில்லை. ஆகவே மேடையிலேயே இரண்டாவது யூஆர்ட்டைச் சேர்த்தோம்.

முகவரிப் பட்டியலில் ஒரு வரி, ஒரு இன்டரப்ட் எண், யூஆர்ட்டை உருவாக்கும் ஒரு அழைப்பு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். முதல் யூஆர்ட் ஹெக்ஸில் 10000000-இல் இருக்கிறது, நம்முடையதை அடுத்த பக்கமான 10001000-இல் வைப்போம் என்று வைத்துவிட்டேன். அங்கிருந்து வரிசையாக 8 வெர்ட்டியோ சாதனங்களுக்கு இடம் ஒதுக்கியிருப்பதைப் பார்க்கவில்லை. கியூஎமு ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. ஒன்று இன்னொன்றைச் சத்தமில்லாமல் மறைத்துவிட்டது. கியூஎமுவின் மானிட்டர் கட்டளை வரியில் 'இன்ஃபோ எம்ட்ரீ' போட்டு நினைவகப் படத்தைப் பார்த்த நண்பன், "ஏல, வில்லங்கம் பாக்காம மனை வாங்கிட்டியே" என்றான். 10009000-க்குக் குடிபெயர்ந்தோம். இன்டரப்ட்டிலும் இதே கதைதான்: 1 முதல் 8 வரை வெர்ட்டியோவுக்கு, 10 பழைய யூஆர்ட்டுக்கு, 11 கடிகாரத்துக்கு. நாங்கள் 12 எடுத்தோம்.

பிறகு நண்பன் அதே மேடையில் லினக்ஸை ஏற்றிப் பார்த்தான். புது போர்ட்டைக் காணவில்லை. எங்கள் நிரலில் முகவரி நேரடியாக எழுதியிருந்ததால் ஓடியது. லினக்ஸோ, எந்தச் சாதனம் எங்கே என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயில் எழுதியிருந்தால்தான் நம்பும். அங்கேயும் ஒரு கணு சேர்த்த பிறகுதான் போர்ட் தெரிந்தது.

கியூஎமுவில் ஏஆர்எம் செயலிகளுக்கென இருக்கும் வெர்ட் மேடைக்கே பொதுப் பயனுக்கான இரண்டாவது யூஆர்ட் 2024-இல்தான் வந்தது. அதையும், பயனர் கேட்டால் மட்டும் முளைக்கும்படி வைத்திருக்கிறார்கள். எப்போதும் இருந்தால் எது கன்சோல் என்று பழைய ஃபர்ம்வேர் குழம்பும். நல்ல வழக்கம், நாங்களும் அப்படியே மாற்றிக்கொண்டோம்.

எல்லாவற்றிலும் பெரிய அடி போர்டு கைக்கு வந்த பிறகு விழுந்தது. கியூஎமுவில் அழகாக ஓடிய நிரல், நிஜ சென்சாரிடமிருந்து குப்பையாக வாங்கியது. சென்சார் பேசுவது 9600 பாட். நான் நிரலில் வைத்திருந்தது 115200. பாவனை யூஆர்ட் இந்த வேகப் பொருத்தத்தைப் பார்ப்பதில்லை, பைட்டை அப்படியே கையில் கொடுத்துவிடும். கம்பியில் மட்டுமே வெளிப்படும் தவறு இது. பாவனையில் ஓடியதைச் சரியென்று முடிவு கட்டியது என் குற்றம்.

அடுத்தது சாரல். இலஞ்சியில் வாய்க்காலுக்கு மேலே மூங்கில் கட்டி அல்ட்ராசோனிக் சென்சாரைத் தொங்கவிட்டோம். மழைத்துளியும் எதிரொலி தந்தது; நீர்மட்டம் நொடியில் ஒரு முழம் ஏறியதாகச் சொல்லி ஹாரன் அலறியது. என் பைதான் சென்சார் அதுவரை பொய்யே சொல்லாத உத்தமன். அன்றிரவே அவனைக் கெடுத்தேன்: நடுநடுவே தப்பான தூரம், பாதியில் அறுந்த 4 பைட், பத்து நொடி மௌனம். ஹாரன் நிரலில் மட்டும் அதற்குப் பிறகு ஏழு பிழைகள் பிடிபட்டன. மௌனத்தைத்தான் முதலில் கவனிக்காமல் விட்டிருந்தோம். சென்சார் செத்துப்போனால் பெட்டி 'தண்ணீர் குறைவு' என்றே காட்டிக்கொண்டிருந்தது.

பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நேராக வெர்ட் கோப்பைத் திறக்காதீர்கள், அது இப்போது பெருத்துவிட்டது. சென்னை ஐஐடியில் உருவான 'சக்தி' சி வகுப்பு செயலிக்கு 2021-இலேயே கியூஎமுவில் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு கோர், ஒரு டைமர், ஒரு இன்டரப்ட் கட்டுப்படுத்தி, ஒரு யூஆர்ட் என்று அளவாக இருக்கும் மேடை. அதன் யூஆர்ட் கோப்பை ஒரு மாலையில் படித்துவிடலாம். அங்கிருந்து தொடங்குங்கள்.